மண்ணின் பிடியும் நீரின் வழியும்: மணல்நிலத்திலிருந்து உலோகங்கள் நிலத்தடி நீருக்கு இறங்கும் முறை

1. மணல்நிலத்தின் இயல்பு

மணல்நிலத்தில் விழும் மழைநீர் மேலே ஓடுவது குறைவு, கீழே இறங்குவது அதிகம். 0.05 முதல் 2 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது அவற்றுக்கிடையே அகலமான இடைவெளிகள் உண்டாகின்றன. அந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. நீர் நிறைந்த தூய மணலில் நீர் ஒரே நாளில் பல மீட்டர் இறங்கிவிடும்; இறுகிய களிமண்ணில் ஒரு மீட்டரைக் கடக்கவே பல ஆண்டுகள் ஆகும். உலகின் வளமான நீர்த்தாங்கிகளில் பல மணல்படுகைகளாக இருப்பதற்கு இதுவே காரணம். அங்கே கிணறு தோண்டுவது எளிது, இறைத்த நீர் விரைவில் ஊறிவிடும், ஊறும் நீரும் தெளிந்திருக்கும்.

மணலில் ஊறிய நீர் தூயது என்ற நம்பிக்கை இந்தத் தெளிவிலிருந்து வந்தது. அதில் பாதி உண்மை உண்டு. கலங்கலையும் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியையும் மணல்படுகை தடுத்து நிறுத்துகிறது. நீரில் கரைந்துவிட்ட உலோக அயனியின் அளவோ ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. எந்த மணல் இடுக்கும் அதை வடிகட்டாது. அதைத் தடுக்கக்கூடியது துகளின் மேற்பரப்பில் நடக்கும் வேதிவினை ஒன்றே. அந்த வினை எவ்வளவு வலுவானது, எவ்வளவு காலம் நிலைக்கும், எப்போது தளரும் என்பவற்றைப் பொறுத்தே கிணற்று நீரின் தரம் அமைகிறது.

2. உலோகத்தை மண் பிடித்துவைக்கும் விதம்

காட்மியம், துத்தநாகம், ஈயம், செம்பு, நிக்கல் ஆகியவை நீரில் பெரும்பாலும் நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகளாக இருக்கின்றன. மண்ணில் எதிர்மின்னூட்டம் உள்ள பரப்புகள் அவற்றை ஈர்க்கின்றன. மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸுக்கு இந்த ஈர்ப்பு மிகக் குறைவு. ஒரு கிராம் மணலின் மொத்த மேற்பரப்பு 0.1 சதுர மீட்டர் அளவையே ஒட்டியது. ஒரு கிராம் ஸ்மெக்டைட் வகைக் களிமண்ணிலோ அது 600 முதல் 800 சதுர மீட்டர் வரை விரிகிறது.

நேரயனிகளை ஏற்று, ஏற்கெனவே பிடித்திருந்த வேறு அயனிகளை விடும் ஆற்றலை மண்ணியலார் நேரயனிப் பரிமாற்றத் திறன் என்பர். ஒரு கிலோகிராம் மண்ணுக்கு இத்தனை சென்டிமோல் என்று அதைக் கணக்கிடுவது வழக்கம். மணல்நிலங்களில் இது பெரும்பாலும் 1 முதல் 5 வரை இருக்கும். கரிசல் போன்ற களிநிலங்களில் 30-ஐயும் தாண்டும். மண்ணிலுள்ள மட்கை மட்டும் தனியே எடுத்து அளந்தால் 150-க்கு மேல் வரும்.

ஆகவே மணல்நிலத்தில் உலோகத்தைப் பிடித்துவைக்கும் வேலையை மணலோடு கலந்திருக்கும் சிறுபான்மைப் பொருள்களே செய்கின்றன. முதலாவது, இலைதழை மக்கி உருவான கரிமப்பொருளாகிய மட்கு. இரண்டாவது, மணல்துகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும் இரும்பு, மாங்கனீசு, அலுமினிய ஆக்சைடுகள். மூன்றாவது, சிறிதளவே உள்ள களிமண். மணலுக்குச் செந்நிறமோ மஞ்சள் நிறமோ தருவது இரும்பு ஆக்சைடுப் பூச்சு. பூச்சு கரைந்துபோன மணல் வெளிறிக் காணும். இவை நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலும் குறைந்தாலும் நிலத்தின் பிடிப்பாற்றல் பல மடங்கு மாறும். மேல்மண்ணிலேயே மட்கு மிகுதி. எனவே வானிலிருந்தோ உரத்திலிருந்தோ வந்து சேரும் உலோகம் முதலில் மேலுள்ள 30 சென்டிமீட்டரில் தங்குகிறது. அதைக் கடந்துவிட்டால் கீழே அதை நிறுத்தக்கூடியவை மிகக் குறைவு.

எல்லா உலோகங்களையும் மண் ஒரே வலுவோடு பிடிப்பதில்லை. ஈயமும் செம்பும் மட்கோடும் ஆக்சைடுகளோடும் இறுகப் பிணைகின்றன. காட்மியமும் துத்தநாகமும் நிக்கலும் தளர்வாகவே ஒட்டுகின்றன. மாசுபட்ட மணல்நிலங்களில் ஈயம் மேலடுக்கிலேயே கிடக்க, அதனுடன் ஒரே காலத்தில் வந்துசேர்ந்த காட்மியமும் துத்தநாகமும் நிலத்தடி நீரை எட்டிவிடுவது இதனால்தான்.

3. அமிலத்தின் பங்கு

உலோகத்தின் பிடியைத் தளர்த்தும் காரணங்களில் முதன்மையானது அமிலத்தன்மை. மண்நீரின் பி.எச். ஓர் அலகு குறைந்தால் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் 10 மடங்காகின்றன. அவை மட்கிலும் ஆக்சைடுகளிலும் உள்ள இடங்களைத் தாங்கள் பிடித்துக்கொண்டு உலோக அயனிகளை வெளியே தள்ளுகின்றன. பி.எச். 4.5-க்குக் கீழே போனால் மண்கனிமங்களிலிருந்து அலுமினியமும் கரைந்து வருகிறது. மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட அலுமினிய அயனி, இரண்டு மின்னூட்டமே உள்ள காட்மியத்தையும் துத்தநாகத்தையும் எளிதில் பெயர்த்துவிடும். ஆக்சைடுகளின் மேற்பரப்பும் அமிலத்தில் நேர்மின்னூட்டம் பெற்று, நேரயனிகளை விலக்கத் தொடங்கும்.

மணல்நிலம் அமிலமாவதற்கு இயற்கையே வழி வைத்திருக்கிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்த குவார்ட்ஸ் மணலுக்கு அமிலத்தை ஈடுகட்டும் ஆற்றல் குறைவு. ஊசியிலை மரங்களும் ஹீதர் போன்ற புதர்களும் உதிர்க்கும் இலைகளிலிருந்து கரிம அமிலங்கள் ஊறுகின்றன. மனிதச் செயல் இதை விரைவாக்குகிறது. நிலக்கரிப் புகையிலிருந்து வரும் கந்தக டையாக்சைடு மழையில் கந்தக அமிலமாகிறது. அம்மோனிய உரமும் கால்நடைக் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவும் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. அமில மழையைக் குறைக்க ஐரோப்பிய நாடுகளும் வட அமெரிக்க நாடுகளும் 1979-இல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை செய்தன. அதனால் கந்தகப் புகை பெருமளவு குறைந்தது. ஆனால் அதற்கு முன்பே அமிலமாகிவிட்ட மணல்நிலங்கள் தாமாக மீள்வது மிக மெதுவாகவே நடக்கிறது.

4. உயிர்வளி, உப்பு, கரைந்த கரிமம்

இரண்டாவது பெரிய காரணி மண்ணிலுள்ள உயிர்வளி. நீர் தேங்கி உயிர்வளி தீர்ந்த இடத்தில், நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடுகளை ஒடுக்கிக் கரைத்துவிடுகின்றன. அப்போது ஆக்சைடின் மேல் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் விடுபடுகிறது. வங்கதேசத்தின் ஆற்று மணல்படுகைகளில் நடந்தது இதுவே. அங்கே ஆலை எதுவும் நஞ்சைக் கொட்டவில்லை. படிவிலேயே இயற்கையாக இருந்த ஆர்சனிக், கரிமப்பொருள் மக்கி உயிர்வளி தீர்ந்ததால் நீரில் இறங்கியது. 1998–99-இல் நடந்த நாடு தழுவிய ஆய்வில், 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள குழாய்க் கிணறுகளில் நூற்றுக்கு 27, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பை மீறியிருந்தன.

எதிர்த்திசையிலும் கேடு வருகிறது. ஆழ்மணலில் பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு உயிர்வளி படாதவரை நிலையாக இருக்கும். நீர்மட்டம் இறங்கிக் காற்று புகுந்தாலோ, மேலிருந்து உர நைட்ரேட் வந்து சேர்ந்தாலோ அது ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதில் பொதிந்திருக்கும் நிக்கலும் ஆர்சனிக்கும் அப்போது நீரில் கலக்கின்றன. நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் சில குடிநீர்க் கிணறுகளில் நிக்கல் உயர்ந்தது இவ்வாறுதான். வயலில் இட்ட தழைச்சத்து, அந்த வயலில் யாரும் இடாத நிக்கலைக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது.

குரோமியத்தின் நடத்தை வேறு. மூவிணைதிற நிலையில் அது மண்ணில் இறுகி நிற்கும், நஞ்சும் குறைவு. ஆறிணைதிற நிலையில் குரோமேட் என்னும் எதிரயனியாகி நீரோடு நீராக நகரும், நஞ்சும் மிகுதி. எதிர்மின்னூட்டம் கொண்ட ஆர்சனேட், குரோமேட், மாலிப்டேட், டங்ஸ்டேட் போன்றவை பொதுவாக அமில மண்ணில் ஒட்டிக்கொள்ளும். காரத்தன்மை கூடும்போது விடுபடும். காட்மியத்தைக் கட்ட இடும் சுண்ணாம்பு இவற்றை அவிழ்த்துவிடக்கூடும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுமேட்டைச் சுற்றி நிலத்தடி நீரில் குரோமியம் பரவியதற்கும் குரோமேட்டின் இந்த நகர்வுத்தன்மையே அடிப்படை. அங்குள்ள நிலம் தூய மணல்படுகை அன்று, எனினும் விதி ஒன்றே.

மேலும் இரண்டு துணைக் காரணிகள் உண்டு. குளோரைடு அயனி காட்மியத்தோடு கரையும் இணைப்பை உருவாக்கி அதை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும். கடல்நீர் புகுந்த கரையோர மணலிலும், பனியை உருக்க உப்பு தூவும் சாலையோரங்களிலும் இது நிகழ்கிறது. கரைந்த கரிமப்பொருள் செம்பையும் ஈயத்தையும் தன்னோடு பிணைத்துச் சுமந்து செல்கிறது. மண்ணில் இறுகப் பிணைபவை என்று கருதப்படும் இவ்விரு உலோகங்களும் தொழுவுரக் குழம்பு மிகுதியாக ஊற்றிய மணல்நிலத்தில் எதிர்பாராத ஆழத்தில் காணப்படுவது இதனால்தான்.

5. வேகக் கணக்கு

உலோகம் எத்தனை ஆண்டில் நிலத்தடி நீரை எட்டும் என்பதை மதிப்பிட ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு கிலோகிராம் மண்ணில் ஒட்டியுள்ள உலோகத்துக்கும், அதைச் சூழ்ந்த ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உலோகத்துக்கும் உள்ள விகிதம் பங்கீட்டு எண் எனப்படுகிறது. எண் பெரிதானால் பிடி வலுவானது.

ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழைநீர் ஆழத்துக்கு இறங்கும் ஒரு மணல்நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். மண்ணின் கன அளவில் நூற்றுக்கு 15 பங்கு நீர் என்றால், நீர் ஆண்டுக்கு 2 மீட்டர் இறங்கும். ஒரு லிட்டர் மண்ணின் எடை 1.5 கிலோகிராம் என்க. நடுநிலையை ஒட்டிய மண்ணில் காட்மியத்தின் பங்கீட்டு எண் 200 என்று கொண்டால், காட்மியம் நீரைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு மெதுவாக நகரும். அதாவது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்; ஒரு மீட்டர் இறங்க ஆயிரம் ஆண்டு. அதே மண் அமிலமாகி எண் 10-க்கு இறங்கினால் வேகம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆயிரம் ஆண்டுப் பயணம் ஐம்பது ஆண்டில் முடிந்துவிடும்.

நீரின் செறிவும் இதே கணக்கில் வரும். ஒரு கிலோகிராம் மண்ணில் ஒரு மில்லிகிராம் காட்மியம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பங்கீட்டு எண் 200-ஆக இருக்கும்போது மண்நீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருக்கும். எண் 10-ஆகும்போது அது 100 மைக்ரோகிராம் ஆகும். குடிநீரில் காட்மியத்துக்கு உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த அளவும் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 வகுத்த அளவும் லிட்டருக்கு 3 மைக்ரோகிராமே.

இன்னொன்றையும் இக்கணக்கு காட்டுகிறது. அந்த நிலத்தின் ஒரு ஹெக்டேரில் மேலுள்ள 30 சென்டிமீட்டர் மண்ணின் எடை 4,500 டன். அதில் கிடக்கும் காட்மியம் நாலரைக் கிலோகிராம். ஆண்டுதோறும் இறங்கும் 3,000 கனமீட்டர் நீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வீதம் போனால் ஓர் ஆண்டில் வெளியேறுவது 30 கிராம். இந்த வீதத்தில் இருப்பு தீர 150 ஆண்டு ஆகும். குடிக்கத்தகாத நீரைப் பல தலைமுறைகளுக்கு ஊறவைக்க இவ்வளவு சிறிய இருப்பே போதும்.

மெய்யான நிலத்தில் இக்கணக்கைத் தாண்டும் வழிகளும் உண்டு. வேர் மக்கிய துளைகள், புழு வழிகள், காய்ந்து நீரை விலக்கும் மணலில் விரல்போல் கீழிறங்கும் தாரைகள் ஆகியவற்றின் வழியே நீர் மேல்மண்ணைத் தொட நேரமின்றி இறங்கிவிடும். கணக்கு தருவது சராசரி வரவு. முதல் வரவு அதற்கு முன்பே நிகழ்ந்துவிடலாம்.

6. கெம்பன்: துத்தநாக ஆலைகளின் எச்சம்

இந்த விதிகளனைத்தும் ஒரே நிலப்பரப்பில் வெளிப்பட்ட இடம் கெம்பன். பெல்ஜியத்தின் வடகிழக்கிலும் நெதர்லாந்தின் தெற்கிலும் பரந்த மணல்வெளி அது. கடைசிப் பனியூழியின்போது காற்று கொண்டுவந்து சேர்த்த மணல் அங்கே போர்வையாகப் படிந்துள்ளது. நெடுங்காலம் ஹீதர் புதர் மூடியிருந்ததால், இலை அமிலங்கள் மேல்மண்ணின் இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக் கீழடுக்கில் சேர்த்துவிட்டன. மேலே சாம்பல் நிற அடுக்கும் கீழே கருஞ்செம்மையான கெட்டி அடுக்கும் கொண்ட இந்த மண்ணை மண்ணியலார் போட்சால் என்பர். உலோகம் மண்ணில் கரைந்து இறங்கும் என்பதை, ஆலைகள் வருவதற்கு முன்பே இயற்கை அங்கே செய்துகாட்டியிருந்தது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே துத்தநாக ஆலைகள் வந்தன. மண் வளமற்றது, நிலம் மலிவு, மக்கள் குறைவு. கால்வாயும் இருப்புப்பாதையும் இருந்தன. பெல்ஜியத்தில் பாலன், ஓவர்பெல்ட், லொம்மல் ஆகிய ஊர்களிலும், 1892 முதல் நெதர்லாந்தின் புடலிலும் உலைகள் எரிந்தன. துத்தநாகத் தாதுவில் காட்மியமும் சிறிதளவு கலந்திருக்கும். பழைய முறையில் வறுத்த தாதுவைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கி, ஆவியாகும் துத்தநாகத்தைக் குளிர்வித்துப் பிடிப்பார்கள். துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதிக்கிறது, காட்மியமோ 767 பாகையிலேயே கொதித்துவிடும். முதலில் எழுந்து புகையோடு வெளியேறியது காட்மியமே. தாதுவை வறுக்கும்போது எழுந்த கந்தகப் புகையும் உடன் சென்று மண்ணை அமிலமாக்கியது. உலோகத்தையும் அதைக் கரைக்கும் அமிலத்தையும் ஒரே ஆலை ஒரே நிலத்தில் சேர்த்தது.

உலையில் எஞ்சிய கசடுச் சாம்பலைச் சாலைக்கும் முற்றத்துக்கும் கொட்டிப் பரப்பினார்கள். மணலில் கால் புதையும் ஊரில் அது நல்ல கெட்டித்தரை. மழைபட்ட சாம்பலிலிருந்து துத்தநாகமும் காட்மியமும் ஈயமும் கசிந்தன. ஆலையிலிருந்து விலகிய ஊர்களிலும் தெருவுக்குத் தெரு சிறுசிறு மாசுக் களங்கள் உருவானது இப்படித்தான்.

1970-களில் நிலை மாறியது. புடல் ஆலை 1973-இல் மின்பகுப்பு முறைக்கு மாறியது, லொம்மலின் பழைய ஆலை இடிக்கப்பட்டது. உலோகப் புகை பெருமளவு தணிந்தது. ஆனால் முன்பே மண்ணில் சேர்ந்தது அங்கேயே இருந்தது. விவசாயிகள் சுண்ணாம்பிட்டுப் பி.எச். 5-க்கும் 6-க்கும் இடையே காத்துவந்த வயல்களில் காட்மியம் உழவடுக்கில் தங்கியது. பி.எச். 4-ஐ ஒட்டிய காடுகளிலும் புதர்வெளிகளிலும் அது இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரே புகை படிந்த இரண்டு அண்டை நிலங்களில் ஒன்று உலோகத்தை வைத்துக்கொண்டது, மற்றொன்று கீழே விட்டுவிட்டது. ஆழமற்ற நிலத்தடி நீர் வழியே டொம்மல் போன்ற சிற்றாறுகளுக்கும் உலோகம் ஊறிச் சென்றது. ஆழமற்ற கிணற்று நீரை வீட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சியபோது கீழே போன காட்மியம் மீண்டும் மேல்மண்ணுக்கும் கீரைக்கும் வந்தது. கிணற்று நீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்த வேண்டாம், மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுங்கள் என்று அப்பகுதி மக்களுக்கு அறிவுரை தரப்பட்டது.

காட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்தால் பாதி அளவு வெளியேறவே 10 முதல் 30 ஆண்டு ஆகும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுச் சமவெளியில், சுரங்கக் கழிவு கலந்த நீர் பாய்ந்த வயல் நெல்லை உண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. அதற்குக் காட்மியமே காரணம் என்று ஜப்பான் அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. கெம்பனில் உட்கொள்ளப்பட்ட அளவு அதைவிடக் குறைவு. ஆயினும் 1985 முதல் 1989 வரை பெல்ஜியத்தில் நடந்த காட்மிபெல் ஆய்வு, குறைந்த அளவுக் காட்மியத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக வந்த ஆய்வுகள் எலும்பு முறிவோடும் தொடர்பைக் கண்டன.

7. கேப் காட்: மணல்படுகையில் நேரடிச் சோதனை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேப் காட் தீபகற்பம், பனியாறுகள் உருகியபோது ஓடிய நீர் சேர்த்த மணலும் சரளையும் ஆனது. அங்குள்ள மக்களுக்குக் குடிநீர் தருவது அந்த மணல்படுகையே. அங்கிருந்த படைத்தளத்தின் கழிவுநீர் 1936 முதல் 1995 வரை மணல்பாத்திகளில் விடப்பட்டது. அதனால் அவ்விடம் நிலத்தடி நீர் ஆய்வுக்கு உலகறிந்த களமாயிற்று.

1985-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அப்படுகையில் புரோமைடு, லித்தியம், மாலிப்டேட் ஆகிய மூன்றையும் கலந்து செலுத்தி, நூற்றுக்கணக்கான மாதிரிக் குழாய்களில் அவற்றின் நகர்வைத் தொடர்ந்தது. எதிலும் ஒட்டாத புரோமைடு நீரோடு நாளுக்கு ஏறத்தாழ 0.4 மீட்டர் சென்றது. லித்தியமும் மாலிப்டேட்டும் மணல்துகளில் ஒட்டி ஒட்டிப் பின்தங்கின. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் புறப்பட்டவை தனித்தனி மேகங்களாகப் பிரிந்தன. கழிவுநீரில் வந்த துத்தநாகத்தின் கதையும் இதற்கு ஒத்தது. கழிவுநீர்த் தாரை பல கிலோமீட்டர் பரவியிருக்க, துத்தநாகம் பாத்திகளிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே நின்றது. அது அங்கே அழியவில்லை, துகள்களில் சேமிக்கப்பட்டிருக்கிறது. கழிவுநீர் நின்றபின் வந்துசேரும் தூய நீரின் பி.எச்.-க்கு ஏற்ப அது மீண்டும் சிறிதுசிறிதாக வெளிவரும்.

அதே தளத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களங்கள் இன்னொரு பாடம் தந்தன. குண்டுகளின் ஈயம் குடிநீரைக் கெடுக்கும் என்ற அச்சத்தால் 1997-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கே ஈயக் குண்டுகளை நிறுத்தியது. 1999 முதல் டங்ஸ்டனும் நைலானும் கலந்த குண்டுகள் வந்தன. டங்ஸ்டன் கரையாது, நகராது என்று கருதப்பட்டது. ஈர மணலிலோ அது ஆக்சிஜனேற்றம் அடைந்து டங்ஸ்டேட் எதிரயனியாகி நிலத்தடி நீருக்கு இறங்கியது. 2006-இல் அக்குண்டுகளும் நிறுத்தப்பட்டன. ஈயம் நஞ்சு மிகுந்தது, ஆனால் மெதுவாக நகர்வது. அதற்கு மாற்றாக வந்தது விரைந்து நகர்ந்தது. நஞ்சின் கடுமை மட்டும் பார்த்து ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பது மணல்நிலத்தில் போதாது; அது மண்ணில் எந்த வடிவம் எடுக்கும், அவ்வடிவம் எதில் ஒட்டும் என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

8. நிலத்தின் பயன் மாறும்போது

உலோகம் விடுபடும் காலம் அது வந்து சேர்ந்த காலத்தைப் பொறுத்தது அன்று. நிலம் பேணப்படும் முறை மாறும் காலத்தையே அது பெரிதும் பொறுத்திருக்கிறது. சுண்ணாம்பிட்டு உழுத வயல் கைவிடப்பட்டு அங்கே பைன் மரம் நடப்பட்டால், சில பத்தாண்டுகளில் பி.எச். இறங்கும். அதுவரை கட்டுண்டிருந்த காட்மியமும் துத்தநாகமும் அப்போது புறப்படும். 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இத்தகைய நிலங்களை வேதியியல் நேரவெடிகுண்டு என்று குறிப்பிட்டு எச்சரித்தனர்.

பெர்லின் நகரம் இதற்குச் சான்று. 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் வகுத்த திட்டப்படி நகரின் கழிவுநீர் புறநகர் மணல்வயல்களில் பாய்ச்சப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டு அது பாய்ந்தது. கழிவோடு வந்த உலோகமும் மட்கும் மேல்மண்ணில் சேர்ந்தே குவிந்தன. வடக்கே பூஹ் பகுதியில் 1985-இல் பாய்ச்சல் நின்றது. மட்கு பெருக வழியில்லாமல் சிதைந்து கரைந்தது, மண் அமிலமானது, உலோகம் நகரத் தொடங்கியது, நட்ட மரங்களும் பட்டுப்போயின. உலோகத்தைக் கொண்டுவந்த கழிவுநீரே அதைக் கட்டிவைத்த மட்கையும் கொடுத்துக்கொண்டிருந்தது. அது நின்றதும் காவலும் நின்றது. பிற்காலத்தில் அங்கே சுண்ணாம்புச் சத்துள்ள களிப்புமண்ணைக் கலந்து நிலத்தின் பிடிப்பாற்றலை மீட்க முயன்றார்கள்.

வேளாண்மை நாள்தோறும் சேர்ப்பதும் கருதத்தக்கது. பாறைப் பாஸ்பேட்டில் இயல்பாகவே காட்மியம் உண்டு, உரத்தின் வழி அது வயலுக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் பாஸ்பேட் உரத்தில், ஒரு கிலோகிராம் பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு வைத்துள்ளது. பன்றித் தீவனத்தில் சேர்க்கும் செம்பும் துத்தநாகமும் சாணக்குழம்பின் வழி நிலத்துக்கு வருகின்றன. வேளாண்மைக்கு வெளியிலிருந்தும் உலோகம் வருகிறது. மரத்தைக் கரையானிடமிருந்து காக்க, டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தில் சொந்தி காமேசம் 1930-களில் கண்டறிந்த செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவை உலகெங்கும் பரவியது. அக்கலவை ஏற்றிய மரக்கட்டையிலிருந்து ஆர்சனிக் கசிவது தெரியவந்தபின், 2003-இன் இறுதியோடு அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுப் பயன்பாட்டிலிருந்து அது விலக்கப்பட்டது.

9. அளக்கும் முறை

மண்ணைக் கடும் அமிலத்தில் கரைத்து மொத்த உலோகத்தை அளப்பது வழக்கம். மொத்த அளவு இருப்பைச் சொல்லும், இயக்கத்தைச் சொல்லாது. நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலில் குலுக்கி, எவ்வளவு விடுபடுகிறது என்று பார்ப்பது அதற்குத் துணை. அதோடு பி.எச்., மட்கின் அளவு, இரும்பு ஆக்சைடின் அளவு ஆகிய மூன்றும் தெரிந்தால் பங்கீட்டு எண்ணை ஓரளவு கணிக்கலாம். மண்நீரை நேராக எடுக்க நுண்துளைப் பீங்கான் கிண்ணங்களை வெவ்வேறு ஆழத்தில் புதைத்து உறிஞ்சுவார்கள்.

கிணற்று மாதிரியிலும் கவனம் வேண்டும். மணல் கலங்கிய நீரை வடிகட்டாமல் அமிலமிட்டால் துகளில் ஒட்டியதும் கரைந்து கணக்கில் ஏறும். ஆகவே களத்திலேயே 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்த பின்பு நைட்ரிக் அமிலம் சேர்ப்பது முறை. உயிர்வளியற்ற நீரை எடுத்துவந்து திறந்துவைத்தால் இரும்பு வீழ்படிவாகி ஆர்சனிக்கையும் இழுத்துக்கொள்ளும், அளவு குறைத்துக் காட்டும். ஆழமான ஒரு கிணற்றின் நீர் பல அடுக்கு நீரின் கலவை. மேலடுக்கில் வந்துவிட்ட உலோகத்தை அது மறைத்துவிடும். நீர்மட்டத்தை ஒட்டி ஆழமற்ற கண்காணிப்புக் குழாய்கள் இருந்தால்தான் வரவை முன்கூட்டியே அறிய முடியும்.

10. தடுத்தலும் மீட்டலும்

மலிவான காப்பு, மண்ணின் பிடியைக் காப்பது. காட்மியமும் துத்தநாகமும் சேர்ந்த நிலத்துக்குச் சுண்ணாம்பிட்டுப் பி.எச். 6-க்கு மேல் வைப்பதும், மட்கு குறையாமல் பேணுவதும் இதன் அடிப்படை. இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அன்று. நிலம் உள்ளவரை தொடர வேண்டிய பேணுதல். லொம்மலில் பழைய ஆலை நின்ற மாட்ஹெய்டே வெளியில் புல்கூட முளைக்கவில்லை. 1990-இல் அங்கே 3 ஹெக்டேரில் பெரிங்கைட் என்னும் மாற்றியமைக்கப்பட்ட அலுமினோசிலிக்கேட்டும் மக்குரமும் கலந்தார்கள். உலோகம் கட்டுண்டு புல் முளைத்தது. வேர் நீரை உறிஞ்சியதால் கீழிறங்கும் நீரும் குறைந்தது.

நீரை எட்டிவிட்ட உலோகத்துக்கு இரு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று இறைத்துச் சுத்திகரிப்பது. புடலில் 1992 முதல் ஆலையடி நிலத்தடி நீரை இறைத்து, சல்பேட்டைச் சல்பைடாக்கும் நுண்ணுயிர்களைக் கொண்டு உலோகத்தைச் சல்பைடாக வீழ்த்துகிறார்கள். கிடைக்கும் துத்தநாகச் சல்பைடு மீண்டும் ஆலையின் தாதுவாகிறது. மற்றொன்று, நீர் போகும் வழியில் வினைச்சுவர் எழுப்புவது. வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் முலாம் பூசும் பட்டறையிலிருந்து மணல்படுகையில் குரோமேட் பரவியிருந்தது. 1996-இல் இரும்புத் துகள் நிரப்பிய 46 மீட்டர் நீளச் சுவர் அங்கே நிலத்தடியில் அமைக்கப்பட்டது. சுவரைக் கடக்கும் நீரிலுள்ள குரோமேட்டை இரும்பு மூவிணைதிறக் குரோமியமாக ஒடுக்கி அங்கேயே நிறுத்துகிறது. இறைப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

இவ்விரண்டும் செலவு மிகுந்தவை, நெடுங்காலம் பிடிப்பவை. துகளில் ஒட்டிய உலோகம் மெதுவாகவே விடுபடுவதால், இறைப்பை நிறுத்தியதும் நீரின் செறிவு மீண்டும் ஏறுவது வழக்கம். எனவே திட்டமிடுவோர் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, உலோகம் சேர்ந்த மணல்நிலங்களின் பதிவேடு ஒன்றை வைத்து, ஆலை மூடியபின்பும் அதைத் தொடர்வது. இரண்டாவது, அந்நிலத்தைக் காடாக்கவோ தரிசாக விடவோ வேறு நீர் பாய்ச்சவோ முடிவெடுக்குமுன் பி.எச்., மட்கு, உயிர்வளி ஆகியவை எப்படி மாறும் என்று கணக்கிடுவது. மூன்றாவது, நேரயனிக்கு ஏற்ற மருந்தை எதிரயனி உள்ள இடத்தில் இடாமல், எந்த உலோகம் எந்த வடிவில் உள்ளது என்பதை முதலில் அறிவது. மண் உலோகத்தை அழிப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. எத்தனை காலம் தாமதப்படுத்தும் என்பதில் மண்ணின் இயல்புக்கு உள்ள பங்கு அதைப் பேணுவோரின் செயலுக்கும் உண்டு. மணல்நிலத்தில் கிணறு வெட்டிக் குடிக்கும் ஒவ்வொரு ஊரும் தன் மேல்மண்ணையும் குடிநீர் அமைப்பின் ஒரு பகுதியாகவே கருதிக் காக்க வேண்டும்.